மதியம் ஆனால் லாரி கிரேன் திணறுகிறது. ரிலீஃப் வால்வை முறுக்கலாமா?

சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் லாரி கிரேன் ஓட்டும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காலையில் கிரேன் நன்றாகத் தூக்குகிறது, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அதே பாரத்துக்குத் திணறுகிறது. தூக்கி நிறுத்திவிட்டு லிவரை விட்டாலும் பூம், அதாவது கிரேனின் கை, கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. கூட வேலை பார்ப்பவர், "பம்ப் பிரஷர் குறைஞ்சுபோச்சு, ரிலீஃப் வால்வை ரெண்டு சுத்து முறுக்கு, சரியாயிடும்" என்கிறாராம். அளவுக்கு மேல் ஏறும் பிரஷரை வழியவிடும் அந்த வால்வை முறுக்கலாமா, ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்யும் இந்த ஹைட்ராலிக் சர்க்யூட் உள்ளே என்னதான் நடக்கிறது, இது வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்பது கேள்வி.

முறுக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படிக்கலாம். நான் 1997இல் ஒரு கப்பல் பட்டறைக்கு ஃபிட்டராக வந்தவன். பதினைந்து வருடம் கப்பல் மேல்தளத்து ஹைட்ராலிக் வேலை, அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு பட்டறையில் சிலிண்டர், பம்ப், வால்வு பிரித்துப் பூட்டும் வேலை. கம்ப்யூட்டர் வைத்துக் கட்டுப்படுத்தும் புதிய இயந்திரங்களுக்கு நானே வேறு ஆளைக் கூப்பிடுவேன். நீங்கள் சொல்வது சாதாரண லிவர் வைத்த கிரேன் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

தம்பி ஒரு கோளாறாகச் சொல்லியிருப்பது என் கணக்கில் இரண்டு கோளாறு. மதியம் திணறுவது ஒன்று, நிறுத்திய பூம் இறங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதோடு, பம்ப்தான் பிரஷரை உண்டாக்குகிறது என்ற நினைப்பும் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. வேலைக்கு வந்த முதல் மூன்று வருடம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை டயரில் மாட்டாமல் சும்மா அடித்துப் பாருங்கள், கை வலிக்காது, காற்று புஸ் புஸ் என்று போகும். டயரில் மாட்டி அடித்தால் நாலாவது அடியில் கை கனக்கும். பம்ப் அதேதான், அடிக்கிற ஆளும் அதே ஆள்தான். எதிர்த்து நிற்க ஒன்று வந்ததும் அழுத்தம் வந்துவிட்டது. ஹைட்ராலிக்கிலும் இதே கதை. பம்பின் வேலை ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருப்பது. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 40 லிட்டர். அந்த ஆயிலை எது தடுக்கிறதோ அதுதான் பிரஷரை உண்டாக்குகிறது. கொக்கியில் பாரம் இல்லாமல் பூமைத் தூக்கும்போது கேஜைப் பாருங்கள், முள் கொஞ்சம்தான் ஏறும். பாரத்தைக் கட்டித் தூக்கினால் அதே முள் எகிறும். பம்புக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இவ்வளவு சின்ன பம்ப் இவ்வளவு பெரிய பாரத்தை எப்படித் தூக்குகிறது என்பதும் இங்கேதான் இருக்கிறது. மூடிய இடத்தில் இருக்கும் திரவத்தை ஒரு இடத்தில் அழுத்தினால் எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தம் பரவும் என்று பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் சொன்னார். அதை வைத்து இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795இல் தண்ணீரில் வேலை செய்யும் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கணக்கு எளிது. பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. 1 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய 1 கிலோ உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் பிஸ்டன் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர். 200 பாரில் அது தள்ளும் பலம் ஏறக்குறைய 16 டன். கையால் சுற்றி வளைத்துப் பிடித்துவிடக்கூடிய குழாய்க்குள் 16 டன்!

ஆனால் ஓசியில் கிடைப்பதில்லை. நிமிடத்துக்கு 40 லிட்டர் விட்டால் அந்தப் பிஸ்டன் வினாடிக்கு எட்டரை சென்டிமீட்டர்தான் நகரும். பலத்தை வாங்கிக்கொண்டு வேகத்தைக் கொடுத்துவிடுகிறோம். திரும்பி வரும்போது பிஸ்டனின் ஒரு பக்கத்தை, அதில் மாட்டியிருக்கும் ராட் (தண்டு) அடைத்துக்கொண்டிருக்கிறது. ராட் 56 மில்லிமீட்டர் என்றால் மீதிப் பரப்பு 54 சதுர சென்டிமீட்டர்தான். அதனால் உள்ளே வரும்போது வேகம் கூடும், பலம் 11 டன்னாகக் குறையும். ஒரு வரியில் வைத்துக்கொள்வதானால், வேகம் எத்தனை லிட்டர் வருகிறது என்பதைப் பொறுத்தது. பலம் எத்தனை பார் வரை தாங்க விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. கோளாறு பார்க்கிற ஆள் முதலில் கேட்பதும் இதைத்தான்: மெதுவாகவாவது தூக்குகிறதா, தூக்கவே முடியாமல் நின்றுவிடுகிறதா?

சரி, சர்க்யூட்டுக்கு வருவோம். உங்கள் ஊரில் ஏரிப் பாசனம் இருந்தால் இது ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். டேங்கில் ஆயில் நிற்கிறது. லாரி இன்ஜினிலிருந்து பிடிஓ (இன்ஜின் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் இணைப்பு) வழியாகச் சுழலும் பம்ப் அதை இழுத்துத் தள்ளுகிறது. அடுத்து நீங்கள் கையில் பிடிக்கும் லிவர். அது வயலுக்கு மடை திறக்கிற வேலையைச் செய்கிறது. லிவரைத் தொடாதபோது வால்வு உள்ளே இருக்கும் ஸ்பூல் என்ற வழுக்கும் தண்டு நடுவில் நிற்கும். பம்ப் தள்ளும் ஆயில் எல்லாம் வால்வு வழியாகவே சும்மா டேங்குக்குத் திரும்பும், இன்ஜினுக்குப் பாரம் இருக்காது. லிவரை இழுத்ததும் ஸ்பூல் சில மில்லிமீட்டர் நகர்ந்து திரும்பும் வழியை அடைத்துவிட்டு, சிலிண்டரின் ஒரு பக்கத்துக்கு வழி விடுகிறது. மறுபக்கத்து ஆயில் டேங்குக்கு வந்து, ஃபில்டர் வழியாக இறங்குகிறது. இழுக்கிற அளவுக்கு ஏற்ப வாய் திறப்பதால்தான் மெல்ல இழுத்தால் மெல்ல நகர்கிறது.

இந்தப் பாதையில் ரிலீஃப் வால்வு இருப்பது ஏரியில் கலிங்கு இருப்பது மாதிரி. தண்ணீர் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறினால் கரை உடையாமல் கலிங்கு வழியாக வழிந்துவிடும். பிரஷர் வைத்த அளவைத் தாண்டினால் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து, ஆயில் டேங்குக்கு வழிந்துவிடும். கலிங்கை ஓர் அடி உயர்த்திக் கட்டினால் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிடுமா? மழை பெய்தால்தான் வரும். கரையில் ஓட்டை இருந்தால் பெய்த மழையும் நிற்காது. உங்கள் நண்பர் சொல்லும் வைத்தியம் கலிங்கை உயர்த்துவதுதான். காலையில் அதே வால்வு, அதே திருகு, நன்றாகத் தூக்கியிருக்கிறது. மதியத்துக்குள் யாரும் திருகைத் தொடவில்லை. அப்புறம் எப்படி அளவு குறையும்?

முறுக்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரஷரை உண்டாக்குவது பாரம் என்றோமே, அப்படியானால் ரிலீஃப் வால்வுதான் கிரேன் எவ்வளவு பாரம் தூக்கலாம் என்பதற்கு ஒரு வேலி. அதை உயர்த்தினால் சுமை அட்டவணையில் எழுதியிருப்பதற்கு மேலும் தூக்கப் பார்க்கும். பூமின் வெல்டிங்கும், ஹோஸும், தரையில் ஊன்றிய காலும் அந்தக் கணக்குக்குச் செய்தவை அல்ல. பாரம் தூக்கும் இயந்திரத்தை இங்கே வருடத்துக்கு ஒரு முறையாவது அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் பார்த்துச் சான்று தர வேண்டும், ஆள் ஏற்றுவது என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. அவர் பார்த்துவிட்டுப் போன பிறகு நாம் அலன் கீயை வைத்துத் திருப்பினால் அந்தச் சான்றுக்கு அர்த்தமே இல்லை.

மதியம் திணறுவதற்கு என் அனுபவத்தில் முதல் சந்தேகம் சூடு. ஹைட்ராலிக் ஆயில் டின்னில் 46 என்றோ 68 என்றோ போட்டிருப்பார்கள். அது 40 டிகிரியில் அந்த ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதற்கான எண். 46 ஆயிலை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் கெட்டித்தன்மை நாலில் ஒரு பங்காகிவிடும். நல்லெண்ணெயைத் தோசைக்கல்லில் ஊற்றியதும் தண்ணீராக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பம்பின் பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே, ஸ்பூலுக்கும் துளைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருக்கிறது. அந்த வழியாக எப்போதும் கொஞ்சம் ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்பி ஒழுகும். ஆயில் இளகினால் ஒழுக்கு கூடும். தேய்மானம் இன்னும் மோசம்: இடைவெளி இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்கு. ஆகவே தேய்ந்த பம்ப் காலையில் கெட்டி ஆயிலை வைத்துச் சமாளித்துவிடும், மதியம் மாட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு விஷச் சுழலும் உண்டு. வேலை செய்யாமல் வழிகிற ஆயில் அத்தனையும் சூடாக மாறுகிறது. 200 பாரில் நிமிடத்துக்கு 40 லிட்டர் முழுவதும் ரிலீஃப் வால்வில் வழிந்தால் 13 கிலோவாட் சூடு. நம் பிளாக் வீடுகளில் குளியலறையில் மாட்டியிருக்கும் வாட்டர் ஹீட்டர் நாலை ஒன்றாகப் போட்ட மாதிரி. ஒரு தடவை வழியும்போதே அந்த ஆயில் 12 டிகிரி ஏறிவிடும். சூடு ஏற ஏற ஆயில் இளகும், இளக இளக ஒழுக்கு கூடும், ஒழுக்கு கூடக் கூட மறுபடி சூடு. டேங்கில் ஆயில் குறைவாக இருந்தாலோ கூலரில் தூசி அடைத்திருந்தாலோ இதே சுழல்தான். டேங்க் கண்ணாடியில் ஆயில் மட்டத்தைப் பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, நாளைக் காலையிலேயே பாருங்கள். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம், நுரைத்திருந்தால் உறிஞ்சும் குழாயில் காற்று நுழைகிறது.

சூடுதான் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஒரு தடவை நன்றாக ஏமாந்திருக்கிறேன். ஒரு கப்பலில் சரக்கறை மூடியைத் திறக்கும் ஹைட்ராலிக், பிரஷர் 90 பாருக்கு மேல் ஏறவே மாட்டேன் என்றது. பம்ப் போய்விட்டது என்று நான்தான் சொன்னேன். கப்பல் மறுநாள் இரவு கிளம்ப வேண்டும். பம்பைக் கழற்றி, வேறு பம்ப் கொண்டுவந்து மாட்டி, விடியற்காலை மூன்று மணிக்கு ஓட்டினால் மறுபடியும் 90 பார். எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான மலாய்க்கார ஃபோர்மேன் ஒன்றும் பேசாமல் ரிலீஃப் வால்விலிருந்து டேங்குக்குப் போகும் குழாயில் புறங்கையை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார். பக்கத்துக் குழாய்கள் எல்லாம் வெதுவெதுப்பு, அது மட்டும் கொதிக்கிறது. வால்வைக் கழற்றினோம். உள்ளே கூம்பு வந்து உட்காரும் வாயில், வெள்ளையாக, நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கு. யாரோ குழாய் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப், பிய்ந்து போய் அங்கே சிக்கியிருந்தது. கூம்பு முழுதாக மூடவில்லை, கலிங்கு நிரந்தரமாகத் திறந்தே கிடந்திருக்கிறது. அன்றையிலிருந்து ஹைட்ராலிக் மரையில் அந்த டேப்பைச் சுற்ற நான் யாரையும் விடுவதில்லை. அந்த நேரத்தில் திருகை முறுக்கியிருந்தால் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கலாம். துணுக்கு என்றைக்காவது நகர்ந்து வால்வு சரியாக மூடும் நாளில், கூடுதலாக முறுக்கியதெல்லாம் ஹோஸ் மேல் இறங்கியிருக்கும்.

இனி இரண்டாவது கோளாறு. லிவர் நடுவில் இருக்கும்போது பம்ப் தள்ளும் ஆயில் டேங்குக்குத்தான் போகிறது, சிலிண்டருக்குப் போவதே இல்லை. ஆகவே நிறுத்திய பூம் இறங்குவதற்குப் பம்பைக் குறை சொல்ல முடியாது. இது உறுதி. பாரத்தைத் தாங்கி நிற்பது சிலிண்டருக்குள் அடைபட்ட ஆயில். அதை அடைத்து வைப்பது சிலிண்டரின் மேலேயே பூட்டியிருக்கும் ஹோல்டிங் வால்வு. ஹோஸ் வெடித்தாலும் பூம் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அதை ஹோஸுக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள்.

பூம் இறங்கினால் பாதிப் பேர் உடனே "பிஸ்டன் சீல் போச்சு" என்பார்கள். பிஸ்டனைச் சுற்றி ஆயில் கசியாமல் அடைக்கும் வளையம்தான் அந்த சீல். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது, பட்டறைக்கு வரும் பையன்களிடம் நான் கேட்கும் கேள்வியே இதுதான். சிலிண்டரின் இரண்டு வாயையும் பிளக் போட்டு இறுக்கமாக அடைத்துவிட்டோம். அடிப்பக்கத்து ஆயில் பாரத்தைத் தாங்குகிறது. இப்போது பிஸ்டன் சீலை மந்திரம் போட்டு மாயமாக்கிவிட்டால் பூம் விழுமா? எல்லோரும் விழும் என்பார்கள். விழாது. ராட் உள்ளே வர வேண்டுமானால் அது அடைக்கும் இடத்திலிருந்த ஆயில் எங்கேயாவது வெளியேற வேண்டும். இரண்டு வாயும் அடைத்திருக்கிறது. ஆயில் லேசாக அமுங்குவதால் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். ஆனால் பிரஷர் தாறுமாறாக ஏறும், ஏனென்றால் இப்போது பாரத்தைத் தாங்குவது முழு பிஸ்டன் பரப்பு அல்ல, ராட்டின் பரப்பு மட்டும். மேலே சொன்ன 100 மில்லிமீட்டர் சிலிண்டரில் 100 பார் இருந்தது என்றால் ஏறக்குறைய 319 பாராகிவிடும்.

ஆகவே பூம் தொடர்ந்து இறங்குகிறது என்றால் ஆயில் சிலிண்டரை விட்டு வெளியே போக எங்கேயோ வழி இருக்கிறது. ஹோல்டிங் வால்வின் வாயில் அழுக்கோ கீறலோ இருக்கலாம். அல்லது பிஸ்டன் சீலும் போய், ராட் பக்கத்து ஆயில் ஸ்பூல் வழியாக டேங்குக்குக் கசிந்துகொண்டிருக்கலாம். இரண்டில் எது என்று இங்கிருந்து சொல்ல எனக்கு வழியில்லை. பூமை இறக்கி வைத்துக் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு இதைச் சோதிக்கவே கூடாது. சரிசெய்யும் வரை தொங்கும் பாரத்துக்குக் கீழே யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னால் போதாது, செக்லிஸ்டில் எழுதிக் கொடுங்கள்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. ஒழுக்கு எங்கே என்று தேடக் கையால் ஹோஸைத் தடவாதீர்கள். ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி, முதலில் வலிகூட இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பித்துவிடும். அப்படி ஆனால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடராமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்ல வேண்டும். விரலைக் காப்பாற்றுவது மணிக்கணக்கில் இருக்கிறது. தேடுவதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும், தூர நின்று காட்டினால் ஆயில் பட்ட இடம் தெரியும்.

இந்த ஹைட்ராலிக் எங்கெல்லாம் இருக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் எங்கே இல்லை என்று சொல்வதுதான் சுலபம். பிளாக்குக்குக் கீழே குப்பையை நசுக்கும் லாரி, எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் இயந்திரத்தைப் பின்னாலிருந்து உந்தும் ஜாக்குகள், 2008இல் திறந்த மரினா பராஜ் அணையின் ஒன்பது மதகுகள், காரின் பிரேக் எல்லாமே இதே பாஸ்கல் கணக்குதான். கப்பலில் சுக்கானைத் திருப்புவதும் பெரும்பாலும் ஹைட்ராலிக். ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 வினாடிக்குள் திரும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. ஸ்டாப்வாட்ச் வைத்து நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அந்த 28 வினாடி எனக்கு இன்னும் நெஞ்சைப் பிசையும். விமானத்தில் பொதுவாக ஒரு சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு, அதாவது 207 பார். ஏர்பஸ் ஏ380இல் அதை 5000 ஆக்கினார்கள். பிரஷரைக் கூட்டினால் அதே பலத்துக்குச் சின்ன சிலிண்டரும் மெல்லிய குழாயும் போதும், எடை மிச்சம். உங்கள் நண்பர் முறுக்கச் சொல்வதிலும் இதே ஆசைதான் இருக்கிறது. ஆனால் விமானத்தில் குழாயையும் சீலையும் அதற்கென்றே செய்துவிட்டுத்தான் கூட்டினார்கள்.

உங்கள் கிரேனுக்குத் திரும்பினால், மெக்கானிக் வரும்போது இரண்டு அளவு எடுக்கச் சொல்லுங்கள். காலையில் வண்டியை எடுத்ததும் ஒன்று, மதியம் திணறும்போது ஒன்று. பிரஷர் கேஜ் எவ்வளவு காட்டுகிறது, டேங்கில் ஆயில் எத்தனை டிகிரி, பாரம் இல்லாமல் பூம் முழுதாக மேலே வர எத்தனை வினாடி. கூடவே ரிலீஃப் வால்விலிருந்து டேங்குக்குப் போகும் குழாய் மற்றதைவிடச் சூடா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கையை வைக்க வேண்டாம், முப்பது நாற்பது வெள்ளிக்கு லேசர் தெர்மாமீட்டர் கிடைக்கிறது. வினாடி மட்டும் கூடியிருந்தால் பம்ப் பக்கம் பார்க்கலாம், அந்தக் குழாய் கொதித்தால் வால்வைக் கழற்றலாம். அந்த எண்களை இங்கேயே எழுதுங்கள் தம்பி, அப்போது இன்னும் கொஞ்சம் தைரியமாகச் சொல்கிறேன்.